ஆட்சேபணை இல்லாத சுவர்

சுவர் நகரசபைக்குச் சொந்தம். அதில் ஊறிய ஈரம் மட்டும் அதன் பின்னால் குடியிருந்தவர்களுக்குச் சொந்தம். இந்தப் பாகப்பிரிவினையை யார் எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாற்றுகிற எண்ணமும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாற்சந்தியைப் பார்த்து நகரசபையின் சமூகக் கூடம் நிற்கிறது. அதன் ஒரு கோடியில் காவலாளிக்கென்று கட்டிய ஓர் அறை. காவலாளி வேலையையே எடுத்துவிட்ட பிறகு அறையைச் சும்மா போடுவானேன் என்று வாடகைக்கு விட்டார்கள். அதில் மூன்று பேர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும் அம்மா, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள். தெருப்பக்கத்துச் சுவருக்கு ஜன்னல் கிடையாது. கூடத்து மொட்டைமாடித் தண்ணீரை இறக்குகிற பைப் அந்தச் சுவருக்குள்ளேயே ஓடி, உள்ளே எங்கோ உடைந்து கிடந்தது. மழை பெய்தால் மாடித் தண்ணீரில் பாதி சாக்கடைக்குப் போகும், மீதி அப்பாவின் கட்டிலுக்கு வரும். கட்டிலை நகர்த்த வழியில்லை, எதிர்ச்சுவரில் அடுப்பு. ஒழுகுகிற இடத்தில் அம்மா ஒரு வாளியை வைப்பாள். அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். மழைக்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருப்பார், போன மழையில் ஒருமுறை மூச்சு வாங்கி மருத்துவமனை வரை போய் வந்தார்.

மகள் நகரசபைக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு பொறியாளர் வந்தார். கட்டைவிரலால் சுவரை அழுத்தினார், விரலை முகர்ந்து பார்த்தார், "ஈரமா இருக்கு" என்றார். ஆய்வு முடிந்தது.

"சரி பண்ணிக் குடுங்க சார். அப்பாவால முடியல."

"ரிப்பேருக்கு பட்ஜெட்ல தலைப்பு இல்லம்மா." பொறியாளர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா விழுமியத்துக்கு இருக்கு. விழுமியப் பிரிவுன்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. இந்த ஊரோட பொது விழுமியங்களை இளைஞர்களே சேர்ந்து யோசிச்சு ஒரு பெரிய சுவரோவியமா வரையப் போறாங்க. இந்தச் சுவருலதான். பூச்சு பூசாம படம் வரைய முடியாது, பைப்பை மாத்தாம பூச்சு நிக்காது. நீங்க அந்தக் குழுவுல சேர்ந்துடுங்க. சீக்கிரம் சீக்கிரம்னு உசுப்பிக்கிட்டே இருங்க."

அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"விழுமியம்னா என்னம்மா?"

"தெரியலப்பா. சேர்ந்தப்புறம் சொல்லுவாங்க."

"சொன்னா எனக்கும் சொல்லு. இத்தனை வயசு வரைக்கும் அது இல்லாமலே வண்டிய ஓட்டிட்டேன்."

முதல் கூட்டத்துக்கு அவள் தாமதமாகத்தான் போக முடிந்தது. மருந்துக்கடை முதலாளிக்கு விழுமியம் என்றால் என்ன என்று விளக்கி விடுப்பு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கூடத்து மேல்மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலைமை கிடையாது என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். வட்டத்தில் ஒரு நாற்காலிக்கு மட்டும் மெத்தை இருந்தது, அதில் யாரும் உட்காரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் அம்மாள். கைநிறைய வண்ண வண்ண ஒட்டுத்தாள்கள். "இங்க யாரும் யாரோட பேரையும் சொல்லக் கூடாது" என்றார். "பேர்ல குடும்பம் தெரியும், பின்னணி தெரியும், பிரிவினை வந்துடும். அதனால ஒவ்வொருத்தரும் ஒரு விழுமியம். மேசையில இருக்கிற அட்டையில ஒண்ணை எடுத்து நெஞ்சுல குத்திக்குங்க."

நல்ல அட்டைகளை எல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். துணிவு போய்விட்டது, அறிவு போய்விட்டது. மீதி இருந்தது பொறுமை. அவள் அதைக் குத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் அவளுக்கு அதுதான் பெயர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நேர்மை. ஒல்லியாக, வேலை தேடித் தேடி இளைத்துப்போனவன். குழுவில் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்கும், அதற்காகத்தான் வந்தேன் என்று அவனே சொன்னான். அட்டைக்குப் பொருத்தமான ஆள்தான். எதிரே ஒற்றுமை. தன் தோழி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். நகரசபை உறுப்பினர் ஒருவரின் மருமகன் கொஞ்ச நேரம் கழித்து வந்தான். அவனுக்கென்று பணிவு என்ற அட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் குத்திக்கொண்டு நேராகப் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

பொறுமை கையைத் தூக்கினாள். "சுவருக்குப் பூச்சு எப்ப பூசுவாங்க?"

"அருமையான கேள்வி." ஒருங்கிணைப்பாளர் ஒரு மஞ்சள் தாளில் 'பூச்சு' என்று எழுதி, சுவரில் 'பிறகு பேசுவோம்' என்று தலைப்பிட்ட அட்டையில் ஒட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அருமையான கேள்விகளுக்குக் கைதட்ட வேண்டும் என்பது குழுவின் முதல் விதி.

அதன்பின் வாராவாரம் கூட்டம். ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் நம்பினார்கள். ஒரு வாரம் நூல்கண்டை ஆளுக்கு ஆள் எறிந்து பிடித்தார்கள். நூல் சிக்கிக்கொண்டது, சமூகமும் இப்படித்தான் பின்னிக் கிடக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் கண்கலங்கினார். சிக்கெடுத்து நூலைச் சுற்றி வைத்துவிட்டுப் போகும் வேலை பொறுமைக்கு வந்தது, அட்டையில் அப்படி எழுதியிருந்ததால். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் பூச்சைப் பற்றிக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள். 'பிறகு பேசுவோம்' அட்டையில் இடம் போதாமல் பக்கத்தில் இன்னொரு அட்டை மாட்டினார்கள்.

ஒரு நாள் எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிப்போனார் ஒருங்கிணைப்பாளர். "இன்னிக்கு நாம பேசப் போறதில்ல. சுவரு பேசும். காதை வச்சுக் கேளுங்க."

எல்லோரும் வரிசையாக நின்று சுவரில் காதை வைத்தார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சைக்கிள்காரர் தானும் வந்து கொஞ்ச நேரம் காதை வைத்துவிட்டுப் போனார்.

"என்ன கேட்டுது?"

"கடல்" என்றாள் ஒற்றுமை.

"வரலாறு" என்றான் பணிவு.

"ஒண்ணும் கேக்கல" என்றான் நேர்மை. அவனை இன்னொரு முறை காதை வைக்கச் சொன்னார்கள்.

"எங்கப்பா இருமுறாரு" என்றாள் பொறுமை. "அம்மா வெந்நீர் குடிக்கச் சொல்றாங்க. அவரு வேணாங்கறாரு."

ஒருங்கிணைப்பாளர் பச்சைத் தாளில் 'பெற்றோரை மதித்தல்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஓவியர் வந்தார். தோளில் பை தொங்க, பேருந்துக்குக் காத்திருந்து அலுத்தவர் போலத்தான் எப்போதும் தெரிவார். ஒப்பந்தப்படி அவர் யோசிக்கக் கூடாது. யோசனை இளைஞர்களுடையது, அவர் கையை மட்டும் கொடுக்க வேண்டும். இளைஞர்கள் யோசனை சொன்னார்கள். ஒரு மரம், மரத்தைச் சுற்றிக் கைகோத்த மனிதர்கள், மேலே சூரியன், ஒரு பறவை, கீழே புத்தகம் படிக்கும் குழந்தைகள். சொல்லி முடிப்பதற்குள் வரைந்து நீட்டிவிட்டார்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்று பொறுமை மெதுவாகக் கேட்டாள்.

"போற ஊர்ல எல்லாம் இதைத்தாம்மா கேக்கறாங்க" என்றார் ஓவியர்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. படம் தயார், இனி பூச்சுதான். வீட்டில் போய்ச் சொன்னாள். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்த பொருட்களை எல்லாம், கொத்தனார்கள் வந்தால் தூசி படியாமல் இருக்க, துணியால் மூடி வைத்தாள்.

அப்போதுதான் விழுமியப் பிரிவின் இயக்குநர் முதன்முறையாகக் கூட்டத்துக்கு வந்தார். பணிவு எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். இயக்குநர் நல்ல பேச்சாளர்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தப்போ இந்த ஊர்ல விழுமியம்னு ஒண்ணுமே இல்ல. மக்கள் பாட்டுக்கு ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கிட்டுச் சும்மா இருந்தாங்க. இப்ப அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, மாடியில எட்டு அறை இருக்கு. இளைஞர்கள் கிட்ட நாங்க எதையும் திணிக்க மாட்டோம். அவங்க என்ன நினைக்கணும்னு முடிவு பண்ணின பிறகுதான் அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேப்போம். ஒண்ணே ஒண்ணு. பொது விழுமியம்னா எல்லாருக்கும் பொது. ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் அது பொது இல்ல. எடுத்துடணும். இதுதான் எங்க பிரிவோட உயிர்."

படத்தைக் கூடத்து வாசலில் வைத்தார்கள். பக்கத்தில் ஆட்சேபணைப் பெட்டி. அதற்கு முன் அந்த ஊரில் யாருக்கும் எதன் மீதும் பெரிய ஆட்சேபணை இருந்ததில்லை. பெட்டியைப் பார்த்ததும் வந்துவிட்டது.

மரத்துக்குத் துப்புரவுப் பிரிவு ஆட்சேபித்தது, இலை உதிர்ந்தால் யார் பெருக்குவது என்று. படத்தில் இருக்கும் மரம் உதிராது என்று ஓவியர் சொன்னார். அப்படியானால் அது உண்மைக்குப் புறம்பானது என்று நீக்கினார்கள். பறவைக்குக் கீழே நிற்க நேரும் வியாபாரிகள் பறவையை ஆட்சேபித்தார்கள். சூரியனை நகரசபை உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். அது மேற்குப் பார்த்த சுவர், ஆகவே அது மறைகிற சூரியன், ஊர் அஸ்தமிக்கிறது என்று சொல்கிறீர்களா என்றார். கைகோத்த மனிதர்களில் குண்டானவர் ஒருவரும் இல்லை என்று ஓர் ஆட்சேபணை. குண்டானவர் ஒருவரைச் சேர்த்தார்கள், அவர் யாரைப் பார்த்து வரைந்தது என்று குண்டானவர்கள் கேட்டார்கள். குழந்தைகள் பள்ளி நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைத் தலைமையாசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். குழந்தைகள் போனபின் புத்தகம் மட்டும் தனியாகக் கிடந்தது, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் என்று காவல் நிலையத்திலிருந்து குறிப்பு வந்தது.

ஓவியர் அலுக்காமல் அழித்தார். வரைவதைவிட அழிப்பது அவருக்கு லேசாக இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே கட்டெறும்புக்கும் ஆட்சேபணை வந்தது.

இதற்கிடையில் மழைக்காலம் வந்துவிட்டது. வானத்துக்கு ஆட்சேபணைப் பெட்டி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சுவரில் ஈரம் கறுப்பாக ஏறி, ஓரத்தில் பாசி பிடித்து, நடுவில் உப்புப் பூத்தது. உள்ளே காரை பெயர்ந்து அப்பாவின் போர்வையில் உதிர்ந்தது. அப்பாவால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். மகள் கடையிலிருந்து மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். ஈரத்தில் படுத்துக்கொண்டு குடிக்கிற மருந்து ஓட்டைப் பானையில் ஊற்றுகிற தண்ணீர்தான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. இன்னொரு மாதம் இப்படிப் போனால் இவரைக் காப்பாற்ற முடியாது என்று கடையில் தனியாக நிற்கும்போது நினைத்து அழுதாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "படமே வேணாம். பூச்சு பூசி வெள்ளை அடிச்சு விட்டுடலாம். வெள்ளைய யாரு ஆட்சேபிப்பாங்க?"

"நான் ஆதரிக்கிறேன்" என்றான் நேர்மை. அவனுக்கும் சான்றிதழ் அவசரமாக வேண்டியிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளை என்பது ஒரு நிறமா அல்லது நிறம் இல்லாத நிலையா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். பணிவு அதன் தலைவர். துணைக்குழு ஒரே ஒருமுறை கூடியது, மெத்தை நாற்காலி இரண்டு வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தது.

இறுதி வடிவத்தை இயக்குநர் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் நாள் வந்தது. திரையில் சுவரின் போட்டோவை ஓடவிட்டு, அதன்மேல் படத்தின் ஒவ்வொரு பகுதியாகக் காட்டுவது ஏற்பாடு. பகுதிகள் எல்லாம் போய், தரையைக் குறிக்கும் ஒரு கோடு மட்டும் பாக்கி இருந்தது. காலையில்தான் நில அளவைப் பிரிவிலிருந்து தகவல் வந்தது, கோடு போடும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு என்று. ஒருங்கிணைப்பாளர் கோட்டையும் எடுத்தார். திரையில் வெறும் சுவர் நின்றது. மழையில் நனைந்த சுவர், பாசியும் கறுப்பும் உப்புமாக.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போனார், பின்னால் வந்தார், தலையைச் சாய்த்தார்.

"இதை யாரு வரைஞ்சது?"

ஒருங்கிணைப்பாளர் இத்தனை மாதமும் சிரித்த சிரிப்பை ஒரு கணம் விட்டுவிட்டு, மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "இளைஞர்கள்தான் சார். எல்லாரும் சேர்ந்து."

"ஆட்சேபணை?"

"ஒண்ணும் இல்ல சார். இதுக்கு மட்டும் ஒண்ணும் வரல."

"வராது. எப்படி வரும்? இதுல எனக்கு ஒரு தாய் தெரியறா. மடியில பிள்ளை."

தாயைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கும் ஏதேதோ தெரிய ஆரம்பித்தது. பணிவுக்கு நகரத்தின் வரைபடம் தெரிந்தது. ஒற்றுமைக்குக் கைகோத்த இருவர் தெரிந்தார்கள், அவள் தோழிக்கு முதுகைத் திருப்பிக்கொண்ட இருவர் தெரிந்தார்கள். இயக்குநர் ஓவியரின் கருத்தைக் கேட்டார். ஓவியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய ஊருக்குக் கடைசிப் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் கிளம்பிவிடும்.

"நான் வரைஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது சார்" என்றார்.

பொறுமை எழுந்தாள். "சார், அது படம் இல்ல, ஓதம். பைப் உடைஞ்சு தண்ணி ஊறுது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கப்பா படுத்திருக்காரு."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினபடியே தலையாட்டினார். "கேட்டீங்களா? உடைப்பு. தண்ணி. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. இதைவிடச் சுருக்கமா யாராலயும் விளக்க முடியாது. கல்வெட்டுல அப்படியே போட்டுடுங்க. தலைப்பு ஓதம்."

"சார், நான் விளக்கல. ஆட்சேபிக்கிறேன்."

அறையில் எல்லோரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையின் தோளில் அன்பாகக் கை வைத்தார். "பெட்டிய போன வாரமே மூடியாச்சும்மா. அதுவும் இல்லாம, நீங்க வடிவமைப்பாளர். வடிவமைச்சவங்களே ஆட்சேபிக்க விதியில இடமில்ல. பிறகு பேசுவோம், என்ன?"

கைதட்டினார்கள்.

மறுநாள் அவள் பொறியாளரைத் தேடிப் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இனிமே அந்தச் சுவரைத் தொட்டா என் வேலை போயிடும்மா. அது இப்ப பொதுப் படைப்பு."

"சுவரைத் தொட வேணாம் சார். பைப்பை மட்டும் மாத்துங்க."

"பைப்புதானம்மா படத்தையே வரையுது" என்றார் பொறியாளர். அவர் கிண்டல் செய்யவில்லை. முகம் வாடித்தான் இருந்தது.

எப்படியோ அந்த மழைக்காலத்தை அப்பா தாண்டிவிட்டார். வெயில் வந்தது. குழுவும் கூட்டமும் செய்ய முடியாததை வெயில் செய்தது. சுவர் காய்ந்தது, உப்பு உதிர்ந்தது, பாசி கருகிப்போனது. அப்பா படுத்துத் தூங்கினார். ஒரு சாயங்காலம் தானே எழுந்து தெருவுக்கு வந்து, 'ஓதம்' என்று எழுதிய கல்வெட்டையும் மேலே இருந்த வெறுஞ்சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகள் அன்று கடையிலிருந்து வரும் வழியில் அவர் சிரிப்பதைப் பார்த்தாள். அந்த ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெளியூர்களிலிருந்து ஒரு குழு இந்தச் சுவரோவியத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறது என்று செய்தி வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். இயக்குநர் முன்கூட்டியே வந்து பார்த்தார், சுவரில் ஒன்றுமே இல்லை. அவசரக் கூட்டம் போட்டார்கள். 'விழுமியங்கள் மங்குகின்றன' என்பது அன்றைய பொருள். ஓவியரை வைத்துக் கறையைத் திருப்பி வரையலாம் என்று யாரோ சொன்னார்கள். இயக்குநர் கோபப்பட்டார்.

"போலி விழுமியத்தை நான் இருக்கிற வரைக்கும் அனுமதிக்க மாட்டேன். தண்ணி ஊத்துங்க."

அதற்காக ஒரு பதவியை உண்டாக்கினார்கள், சுவர் ஈரப் பராமரிப்பு உதவியாளர். குழுவில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை. முதலில் பொறுமையைத்தான் கேட்டார்கள், வீடும் பக்கத்தில் இருப்பதால். மருந்துக்கடையைவிட நல்ல சம்பளம். அவள் முடியாது என்று சொன்னாள். நேர்மை சான்றிதழைக் காட்டி அந்த வேலையை வாங்கினான். தினமும் ஏணி போட்டு ஏறி, சுவரின் உச்சியில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வாரமே கறை திரும்பியது. இருமலும் திரும்பியது.

விழா அன்று வெயில் கொளுத்தியது. பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இளைஞர்கள் நெஞ்சில் அட்டையோடு சுவருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பொறுமையும் நின்றாள். இயக்குநரிடம் எல்லோர் முன்னாலும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்து வந்திருந்தாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "வேற ஊர்கள்ல எல்லாம் படம் வரையறாங்க. கொஞ்ச வருஷத்துல உரிஞ்சு போயிடுது. நாங்க வரையல. அதனால உரியாது. மத்த ஊர்ல விழுமியத்தைச் சுவருக்கு மேல பூசறாங்க. இங்க அது உள்ளேருந்து வருது."

சுவருக்குள்ளிருந்து இருமல் வந்தது. நீளமான, மூச்சை இழுத்துப் பிடித்து விடுகிற இருமல். இயக்குநர் நிறுத்தினார். விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒலியும் உண்டு" என்றார் இயக்குநர்.

விருந்தினர்கள் எழுந்து வந்து வரிசையாகச் சுவரில் காதை வைத்தார்கள். ஈரம் பட்டு அவர்கள் கன்னம் கறுத்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் காதை எடுக்கவே இல்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"உள்ள யாரோ இருக்காங்க போலிருக்கே" என்றார். "யாருக்கோ உடம்பு முடியல."

பொறுமை வாயைத் திறந்தாள். ஆனால் மைக் இயக்குநர் கையில் இருந்தது.

"அதுதாம்மா இந்தப் படைப்போட வெற்றி" என்றார் இயக்குநர். "கேக்கறவங்க எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

அந்த அம்மாள் நிம்மதியாகக் காதை எடுத்துக்கொண்டு, கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் எழுந்து ரொம்ப நேரம் ஓயவில்லை. பொறுமை கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூடத்தைச் சுற்றி நடந்து, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

அப்பா தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா முதுகை நீவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா கை தட்றாங்க?"

"உங்களுக்குத்தாம்பா."

"இருமினதுக்கா?"

"ஆமா."

அப்பா மூச்சு வரும்வரை காத்திருந்தார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். ஒருத்தன் தட்டல."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நேர்மை நின்றிருந்தான். அட்டை இன்னும் நெஞ்சில் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை.

"வெயில்ல காயுது" என்றான், அவளைப் பார்க்காமல். "குரூப் போட்டோ இன்னும் எடுக்கல. கூடத்துக் குழாயைப் பூட்டிட்டுச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு வாளி தண்ணி வேணும்."

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "அந்தத் தண்ணி எங்க போகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"எனக்குக் கெடச்ச வேலை இதுதாங்க" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவும் இல்லை, இன்னொரு முறை கேட்கவும் இல்லை. வியர்வை வழிய அப்படியே நின்றான்.

"யாரது?" என்றாள் அம்மா.

"தண்ணி கேக்கறாங்கம்மா. சுவருக்கு ஊத்தறதுக்கு."

அம்மாவின் கை அப்பாவின் முதுகில் நின்றது. பிறகு பெருமூச்சு விட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் இருந்த வாளியை எடுத்துக் குடத்துத் தண்ணீரை அதில் கவிழ்த்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"என்ன பண்ண? வாசல்ல வந்து தண்ணின்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல" என்றாள் அம்மா. "குடு."

மகள் வாளியை வாங்கி அவனிடம் கொடுத்தாள். அவன் தளும்பாமல் தூக்கிக்கொண்டு போனான். சற்றைக்கெல்லாம் சுவரின் மறுபக்கம் தண்ணீர் விழும் சத்தமும், சிரியுங்கள், சிரியுங்கள் என்று ஒருவர் சொல்வதும் கேட்டன. அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார்.

"போட்டோ எடுத்து முடிச்சதும் வாளிய மறக்காம வாங்கி வச்சுடு" என்றாள் அம்மா. "ராத்திரி ஒழுகும்."